பஞ்சவர்ணக் கிளிக்குச் சலுகை! பச்சைக் கிளிக்கு விலங்கா?

2024 ஏப்ரல் மாதம். பார்லிமெண்டுத் தேர்தல் பிரசாரம் சூடு பிடித்திருந்த நேரம். கடலூர் தொகுதியில் பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளராக நின்ற சினிமா டைரக்டர் தங்கர் பச்சான், ஓட்டுக் கேட்டுச் சென்ற இடத்தில் ஒரு கிளி ஜோசியரிடம் ஜோசியம் பார்த்தார். கிளி கூண்டை விட்டு வந்தது. சீட்டை எடுத்தது. சாமி படம் வந்தது. வெற்றி நிச்சயம் என்று ஜோசியர் சொன்னார். இந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. உடனே வனத்துறை ஆபீசர்கள் வந்து குதித்தார்கள். ஜோசியரையும் அவருடைய சகோதரரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கூண்டையும் கிளிகளையும் பறிமுதல் செய்தார்கள். பிறகு எச்சரிக்கை செய்து ஆட்களை மட்டும் விட்டார்கள்.

கிளி சொன்னது பலித்ததா? இல்லை. ஏப்ரல் 19இல் ஓட்டுப் பதிவு நடந்தது. அந்த வேட்பாளர் தோற்றார். காங்கிரஸ் வேட்பாளர் ஜெயித்தார். தோற்றவர் தம் வேலையைப் பார்க்கப் போனார். ஜெயித்தவர் டெல்லிக்குப் போனார். கிளியைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு மட்டும் பிழைப்புக்கான கருவி போயிற்று.

அன்று ஒரு தரப்பார், இது ஆளுங்கட்சியின் பழிவாங்கல் என்று கூச்சலிட்டார்கள். இன்னொரு தரப்பார், சட்டம் தன் கடமையைச் செய்தது என்று சமாதானம் சொன்னார்கள். இரண்டு தரப்புமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம்:

மரத்தடியில் பச்சைக் கிளி வைத்திருந்தவன் வீட்டுக்கு ஒரே நாளில் போகத் தெரிந்த சட்டம், மாடி வீட்டில் பஞ்சவர்ணக் கிளி வைத்திருப்பவன் வீட்டுக்கு எத்தனை நாளில் போகிறது?

நாம் ஜோசியத்தின் வக்கீல்கள் அல்ல

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். கிளி எடுக்கும் சீட்டு மனிதன் தலைவிதியைச் சொல்லும் என்பது மூடநம்பிக்கை. கூலி உயர்வதும் உயராததும் சீட்டுக்கட்டில் இல்லை, சங்கத்தின் பலத்தில் இருக்கிறது. இதைப் பட்டிதொட்டியெங்கும் சொல்லி வந்திருக்கிறோம். இனியும் சொல்லுவோம்.

கிளியைப் பிடித்து அடைப்பதையும் நாம் நியாயப்படுத்தவில்லை. பனைமரப் பொந்திலிருந்து கண் திறக்காத குஞ்சுகளை எடுக்கிறார்கள். கூடையில் அடைத்துச் சந்தைக்குக் கொண்டு போகிற வழியிலேயே பல குஞ்சுகள் செத்துப் போகின்றன. பிழைத்த குஞ்சின் இறக்கையைக் கத்தரித்துக் கூண்டில் போடுகிறார்கள். இது கொடுமைதான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கிளிக்கும் பாதுகாப்புத் தருகிறது. பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. இந்தச் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் இந்தச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது. கிளி ஜோசியரோ கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் கடற்கரையிலும் பகிரங்கமாக உட்கார்ந்திருந்தார். அந்த வழியாக ரேஞ்சர் போனார், தாசில்தார் போனார், கலெக்டரும் போனார். யாருக்கும் கிளி கண்ணில் படவில்லை. ஒரு வேட்பாளரின் கைக்கு எதிரே கிளி வந்து நின்றதும் எல்லோருக்கும் கண் திறந்தது! தூங்குகிற சட்டத்தை யார் எழுப்புகிறார்கள், யார் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

பத்திரம் கேட்காத தயாள குணம்

இப்போது இன்னொரு கிளியைப் பார்ப்போம். தென் அமெரிக்கக் காடுகளில் பிறந்த பஞ்சவர்ணக் கிளி. பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் பித்தளைக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கூட, ஆப்பிரிக்க மலைப்பாம்பு, இகுவானா ஓணான், உள்ளங்கையில் அடங்கும் மர்மோசெட் குரங்கு என்று இன்னும் எத்தனையோ ஜீவன்கள் கண்டம் விட்டுக் கண்டம் வந்து சேர்ந்திருக்கின்றன. இவை பறந்தா வந்தன? நீந்தியா வந்தன? சென்னை விமான நிலையத்தில் சுங்க இலாகா எத்தனை முறை பெட்டியைத் திறந்து பாம்புகளையும் குரங்குக் குட்டிகளையும் எடுத்திருக்கிறது என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டியைச் சுமப்பவனுக்குக் ‘குருவி’ என்று பெயர். கூலிக்குச் சுமக்கும் அந்தக் குருவி அகப்படுகிறான். பெட்டிக்குப் பணம் கட்டியவன் பெயர் வெளியில் வருவதே அபூர்வம்.

வெகுகாலம் வரை நம் நாட்டுச் சட்டம் இப்படி இருந்தது: 1972 சட்டம் பெரும்பாலும் நம் நாட்டுப் பிராணிகளைப் பற்றியே பேசியது. வெளிநாட்டுப் பிராணி எல்லையில் பிடிபட்டால் சுங்கச் சட்டம் பாயும். எல்லையைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கேள்வி கேட்பாரில்லை. அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 1973இல் வாஷிங்டனில் உருவாயிற்று. இந்தியா 1976இல் அதில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்துக்குத் தகுந்த சட்டப் பிரிவு நம் நாட்டில் எப்போது வந்தது தெரியுமா? 2022 டிசம்பரில் பார்லிமெண்டு திருத்தத்தை நிறைவேற்றியது. 2023 ஏப்ரல் 1இல்தான் அது அமலுக்கு வந்தது. 46 வருஷம்!

சட்டம் வருவதற்கு முன்னால் ஒரு விருந்தோம்பல் நடந்தது. 2020 ஜூனில் மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் 6 மாதத்துக்குள் தாமாகவே முன்வந்து சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னவர்களிடம் அந்தப் பிராணி எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்பதற்கு எந்தப் பத்திரமும் கேட்கப்பட மாட்டாது!

தோழர்களே, இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். பத்திரம் கேட்கப்பட மாட்டாது!

ஏரிக்கரைப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்கிறான் விவசாயத் தொழிலாளி. அவனிடம் சர்க்கார் என்ன கேட்கிறது? ‘பட்டா எங்கே?’ பத்து வருஷமாக ஒரே மில்லில் ஒரே மெஷினில் நிற்கிறான் காண்டிராக்ட் தொழிலாளி. நிரந்தரம் கேட்டால் நிர்வாகம் என்ன கேட்கிறது? ‘மஸ்டர் ரோலில் உன் பேர் எங்கே?’ காட்டில் விறகு பொறுக்கிய மலைவாசிப் பெண்ணிடம் கார்டு என்ன கேட்கிறான்? ‘பர்மிட் எங்கே?’ குடிசைக்குக் காகிதம் வேண்டும், கூலிக்குக் காகிதம் வேண்டும், சுள்ளிக்குக் காகிதம் வேண்டும். லட்சக்கணக்கில் விலை போகும் பஞ்சவர்ணக் கிளிக்கு மட்டும் காகிதம் வேண்டாம்!

2020இல் நாடு எந்த நிலையில் இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு! வேலையிழந்த தொழிலாளர்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்த வருஷம் அது. அவர்களுக்கு ரயில் விட நாள் கணக்கில் யோசித்தவர்கள், குரங்குக் குட்டி வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் கொடுத்தார்கள்.

2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. வெளிநாட்டுப் பிராணிகளைச் சர்க்காரின் இணையப் பதிவேட்டில் பதிய வேண்டும், குட்டி போட்டாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பதிவேடு வேண்டியதுதான். அதை வரவேற்கிறோம். ஆனால் அதற்கும் 6 மாத அவகாசம்! கடலூர்க் குடும்பத்துக்கு எத்தனை மாதம் கொடுத்தார்கள்? மாதமா? ஒரு நாள் கூடக் கொடுக்கவில்லை.

அரண்மனையும் கோர்ட்டும்

சிறிய பணக்காரன் கிளி வளர்க்கிறான். பெரிய பணக்காரன் காட்டையே வளர்க்கிறான். குஜராத்தில் ஜாம்நகர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குச் சொந்தமான வளாகத்தில், சுமார் 3,000 ஏக்கரில், அம்பானி குடும்பத்தின் இளைய வாரிசு ஆனந்த் அம்பானி ‘வன்தாரா’ என்ற விலங்குக் காப்பகத்தை நடத்துகிறார். 2025 மார்ச் 4இல் பிரதமர் மோடி நேரில் சென்று திறந்து வைத்தார். 1.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீவன்கள் அங்கே இருப்பதாகச் சர்க்காரே அறிவித்தது.

அங்கே பிராணிகள் வந்த விதம் பற்றிப் புகார் எழுந்தது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒரு விசேஷ விசாரணைக் குழுவை நியமித்தது. செப்டம்பரில் குழுவின் அறிக்கையைக் கோர்ட் ஏற்றது. சட்ட மீறல் எதுவும் இல்லை என்று முடிந்தது. நாமும் அதை மறுத்துப் பேசவில்லை. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்கிறார்கள். நம் வாதமும் அதுதான்! ஒரு குடும்பம் ஒன்றரை லட்சம் ஜீவன்களைச் சட்டப்படி வைத்திருக்கலாம். இன்னொரு குடும்பம் சில கிளிகளைச் சட்டப்படி வைத்திருக்க முடியாது. அப்படியானால் சட்டம் யாருடைய அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டை?

பச்சைக் கிளி காட்டிலிருந்து பிடித்தது, அங்கே இருப்பவை காப்பாற்றப்பட்டவை, இரண்டும் ஒன்றா என்று ஒரு பண்டிதர் கேட்கலாம். ஒன்றல்லதான். காப்பாற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் காப்பாற்றும் வேலையை நாட்டின் பொதுச் சொத்தாக, ஜனங்களுக்குக் கணக்குக் காட்டும் பொது ஸ்தாபனமாக ஏன் நடத்தக் கூடாது? வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் ஏழைப் பிள்ளை டிக்கெட் எடுத்துச் சிங்கத்தைப் பார்க்க முடிகிறது. எண்ணெய் முதலாளியின் வேலிக்குள் இருக்கும் சிங்கத்தின் கணக்கை யார் பார்ப்பது?

புலிக்காக அரசியலுக்கு வந்தவர்கள்

சட்டம் வரும்போது சொத்துள்ளவன் என்ன செய்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே புலியையும் சிங்கத்தையும் வீட்டுக் கொல்லையில் வளர்ப்பது பல மாகாணங்களில் வெகுகாலம் சகஜமாக இருந்தது. ‘என் நிலம், என் கூண்டு, என் புலி, சர்க்காருக்கு என்ன வேலை?’ என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

ஒஹையோ மாகாணத்தில் 2010 ஆகஸ்டில், தனியார் ஒருவரின் கரடி 24 வயதுப் பராமரிப்புத் தொழிலாளியைத் தாக்கிக் கொன்றது. கூலிக்கு வேலை செய்தவன் செத்தான். 2011 ஜனவரியில், பதவி விலகும் தருவாயில் இருந்த கவர்னர் புதிதாகக் கொடிய மிருகங்களை வாங்கத் தற்காலிகத் தடை போட்டார். அடுத்து வந்த கவர்னர் ஜான் கேசிக்கின் ஆட்சி அந்தத் தடையை ஏப்ரலில் காலாவதியாக விட்டது. அதே வருஷம் அக்டோபர் 18இல் ஜேன்ஸ்வில் என்ற ஊரருகே ஒரு பண்ணைச் சொந்தக்காரர் தம்முடைய புலி, சிங்கம், கரடி எல்லாவற்றின் கூண்டுகளையும் திறந்துவிட்டுத் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். இருட்டுகிற நேரம். குடியிருப்புக்குப் பக்கம். போலீசார் வேறு வழியின்றி 48 மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவற்றில் 18 புலிகள். மனிதனின் தனிச் சொத்துரிமை 18 புலிகளைப் பலி கொண்டது!

இதன் பிறகே 2012இல் அங்கே சட்டம் வந்தது. லைசென்ஸ் எடு, இன்ஷ்யூரன்ஸ் கட்டு, மிருகத்தின் உடலில் அடையாளச் சில்லு பொருத்து என்றது. உடனே மிருகச் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சில்லு பொருத்தச் சொல்வது எங்கள் சொத்தைப் பறிப்பதாகும் என்று வாதாடினார்கள். 2014 மார்ச்சில் அப்பீல் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளியது.

ஓக்லஹாமா மாகாணத்தில் ஜோ எக்ஸாட்டிக் என்ற பெயரில் பிரபலமான புலிப் பண்ணைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். புலி வளர்ப்பைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளை எதிர்த்துக் கத்திக் கொண்டிருந்தவர், 2016இல் ஜனாதிபதி பதவிக்கே நின்றார். 2018இல் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டார். இரண்டிலும் தோற்றார். கொலைக்கு ஆள் ஏற்பாடு செய்த குற்றத்துக்காகவும் புலிகளைச் சுட்டுக் கொன்ற குற்றத்துக்காகவும் 2020 ஜனவரியில் 22 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பின்னால் அது 21 ஆண்டாகக் குறைந்தது. அவருடைய பண்ணையில் 2013இல் புலி கடித்துக் கையை இழந்தது யார்? அவரல்ல. அங்கே வேலை செய்த ஒரு தொழிலாளி!

நாடு முழுவதற்குமான சட்டம் 2022 டிசம்பர் 20இல்தான் கையெழுத்தாயிற்று. அதிலும், ஏற்கெனவே புலி வைத்திருப்பவர்கள் 2023 ஜூன் 18க்குள் பதிந்துகொண்டால் வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை. டெல்லியில் 6 மாதம், வாஷிங்டனிலும் 6 மாதம்! சொத்துக்காரனுக்கு எந்த நாட்டிலும் அவகாசம் உண்டு.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் என்ன? சட்டம் தன் மிருகத்தைத் தொட்டதும் அந்தக் குடும்பங்கள் ‘விதி’ என்று தலையில் கை வைத்து உட்காரவில்லை. சங்கம் சேர்த்தார்கள். மனுப் போட்டார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். தேர்தலில் நின்றார்கள். அவர்களுடைய கோரிக்கை தப்பானது. ஆனால் அரசியலுக்கு அஞ்சாத அந்தக் குணம் உழைப்பாளிக்கு வந்தால் நாடு என்ன ஆகும்!

வடநெம்மேலியிலிருந்து பிளாரிடாவுக்கு

அமெரிக்கப் பணக்காரர்களின் செல்லப் பிராணி மோகத்துக்கும் நம் செங்கல்பட்டுச் சீமை ஏழைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள்.

பர்மா மலைப்பாம்பைக் குட்டியாக வாங்கி வளர்த்தார்கள் அமெரிக்கர்கள். அது பத்தடி, பன்னிரண்டடி வளர்ந்ததும் பயந்துபோய் பிளாரிடா சதுப்புக் காட்டில் விட்டார்கள். வளர்ப்புப் பண்ணைகளிலிருந்தும் தப்பின. அவை பெருகி அந்தக் காட்டின் முயலையும் மரநாயையும் மானையும் விழுங்கித் தீர்த்தன. பாம்பு வளர்ப்போர் சங்கமோ 2012இல் வந்த தடையை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்தது. நிலைமையைச் சமாளிக்க முடியாமல், 2017 ஜனவரியில் பிளாரிடா சர்வகலாசாலை ஆள் தேடியது. எங்கே தேடியது? தமிழ்நாட்டில்! இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் விமானமேறினார்கள். படித்த நிபுணர்கள் தேடித் திகைத்த காட்டில், தடம் பார்த்து, எச்சம் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள்.

அதே வருஷம் ஏப்ரலில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: பாம்புகளை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டு போவதைத் தடுக்க அந்தச் சட்டத்தில் அதிகாரமில்லை! பாம்பு வளர்ப்போர் சங்கம் ஜெயித்தது. பணக்காரன் விட்ட பாம்பை ஏழை பிடிக்கிறான், பணக்காரனோ கோர்ட்டில் ஜெயிக்கிறான்!

இந்த இருளர்களின் கதையே நமக்குப் பெரிய பாடம். ஒரு காலத்தில் பாம்புத்தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துச் சில்லறைக் காசு பெற்றவர்கள் இவர்கள். கொழுத்த லாபம் தோல் ஏற்றுமதி செய்த முதலாளிக்கு. 1972 சட்டமும் தொடர்ந்து வந்த தோல் தடையும் அந்த வியாபாரத்தை நிறுத்தின. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனால் முதலாளி வேறு வியாபாரத்துக்குப் போனான். இருளன் பட்டினிக்குப் போனான். பாட்டன் பூட்டன் காலத்து வித்தை ஒரே நாளில் குற்றமாயிற்று.

அவர்கள் என்ன செய்தார்கள்? 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேகர் துணை நின்றார். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இன்று வரை அந்தப் பாம்புப் பண்ணை இருக்கிறது. சர்க்கார் அனுமதியோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புகளைப் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். வரப்பில் வெறுங்காலோடு நடப்பவனைத்தான் பாம்பு கடிக்கிறது. அவன் உயிரைக் காப்பாற்றும் மருந்துக்கு மூலப்பொருள் தருகிறவன் இருளன். 2023இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது அதே சர்க்கார்.

பாம்பும் பிழைத்தது, பாம்பு பிடிப்பவனும் பிழைத்தான், கடிபட்டவனும் பிழைத்தான். இது எப்படி நடந்தது? சட்டத்தை நீக்கியா? இல்லை. சட்டத்துக்குள்ளேயே உழைப்பாளிக்கு இடம் கேட்டுச் சங்கமாகத் திரண்டதால் நடந்தது. தனி இருளன் போய் ரேஞ்சரிடம் கும்பிட்டிருந்தால் கிடைத்திருக்குமா? ஏழை சொல் அம்பலம் ஏறாது. ஏழைகளின் சங்கம் ஏறும்.

மூன்று பசப்பு வாதங்கள்

‘சட்டத்தின் முன் எல்லோரும் சமம்’ என்கிறார்கள். ஏட்டில் சமம். 1 லட்சம் ரூபாய் அபராதம் பங்களாக்காரனுக்கு ஒரு மாத நாய்த் தீனிச் செலவு. கிளி ஜோசியனுக்கு ஜென்மத்துக்கும் தீராத கடன். ஒரே எடைக் கல்லை யானை மேலும் எறும்பு மேலும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் சமமான பாரம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

‘பிராணிகள் மேல் எங்களுக்கு உயிர்’ என்கிறார்கள். அன்பை நாம் பழிக்கவில்லை. உழுகிற மாட்டுக்குப் பொங்கலன்று பொட்டு வைக்கிற உழவனுக்கா அன்பைப் பற்றிப் பாடம் எடுப்பது? ஆனால் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் தாயிடமிருந்து பிரித்து, பெட்டியில் மூச்சுத் திணற அடைத்து, காசு கொடுத்து வாங்குவதற்குப் பேர் அன்பல்ல, ஆடம்பரம்.

‘இதெல்லாம் அரசியல் ஆகலாமா? கிளிக்கும் பாம்புக்கும் கட்சி என்ன?’ என்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பித்தலாட்டம். அந்தக் கடலூர்க் குடும்பம் அரசியலுக்குப் போகவில்லை. அரசியல் அவர்களைத் தேடி வந்தது. வேட்பாளர் ஒருவர் அவர்கள் கிளியை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். அதிகார வர்க்கம் அவர்கள் கூண்டைத் தன் வீரத்தைக் காட்டப் பயன்படுத்திக்கொண்டது. தங்களுக்கென்று சங்கம் இல்லாத குடும்பம் பிறர் ஆட்டத்தில் சீட்டாகிறது. அரசியல் வேண்டாம் என்று ஒதுங்குகிறவனை அரசியல் ஒதுங்க விடுவதில்லை.

நாம் கோருவது

சட்டத்தை ரத்துச் செய் என்பதல்ல நம் கோரிக்கை. கிளி பனைமரத்தில் வாழட்டும். பஞ்சவர்ணக் கிளி அதன் காட்டில் வாழட்டும். நாம் கோருவது இவை:

ஒன்று: வெளிநாட்டுப் பிராணிகளின் பதிவேட்டை மாவட்டம்தோறும் ஜனங்கள் பார்க்கும்படி வை. எந்தத் தெருவில் மலைப்பாம்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு உரிமை உண்டு.

இரண்டு: 2020இல் பத்திரமில்லாமல் சலுகை பெற்ற பிராணிகளின் குஞ்சும் குட்டியும் வியாபாரச் சரக்காவதைத் தடு. குருவியைப் பிடிப்பதோடு நில்லாமல், குருவிக்குக் கூலி கொடுத்தவனைப் பிடி.

மூன்று: கிளி ஜோசியர், பாம்பாட்டி, குருவிக்காரர் போன்ற குடும்பங்களிடம் பறிமுதல் பட்டியலோடு போகாதே. மாற்றுத் தொழிலோடும், மனைப்பட்டாவோடும், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீட்டோடும் போ. பங்களாக்காரனுக்கு 6 மாதம் தந்த நீ, குடிசைக்காரனுக்கு ஒரு வருஷமாவது தா.

நான்கு: மிருகக்காட்சிசாலையிலும் காப்பகத்திலும் கூண்டு கழுவி, தீனி போட்டு, உயிரைப் பணயம் வைக்கும் தினக்கூலித் தொழிலாளர்களை நிரந்தரமாக்கு. காயத்துக்கும் சாவுக்கும் நஷ்டஈடு உறுதி செய்.

மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்தக் கோரிக்கைகள் அந்நியமானவை அல்ல. இன்று அவனிடம் கிளிக்குக் காகிதம் கேட்கிற அதிகாரி, நாளை உன்னிடம் குடிசைக்குக் காகிதம் கேட்பான். நேற்றே கேட்டிருப்பான். ஒருவனைத் தனியாகப் பிடிக்கும்போது மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதுதான் முதலாளித்துவச் சர்க்காருக்கு நாம் கொடுக்கும் அவகாசம். அந்த அவகாசத்தை இனி கொடுக்கக் கூடாது.

ஆகவே உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் ஊர் எல்லையில் கூடாரமடித்திருக்கும் குருவிக்காரக் குடும்பத்தையும், ஏரிக்கரை இருளர் குடும்பத்தையும் போய்ப் பாருங்கள். அவர்களுக்கு ரேஷன் கார்டு உண்டா, பட்டா உண்டா, ஜாதிச் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர்களோடு சேர்ந்து தாலுக்கா ஆபீசுக்கு நடங்கள். பத்துப் பேராகப் போனால் வாட்ச்மேன் தடுப்பான். நூறு பேராகப் போனால் தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்து வருவார்!